ஐந்து சதவீதம் போட்டதெல்லாம் ஏன் கறுத்தது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருவையாற்றுப் பக்கம் அப்பா பானையும் அகலும் செய்கிறார். அதே மண்ணில் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) போட்ட கிண்ணமும் குவளையும் செய்வதற்காகச் சிறிய மின்சூளை ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 1060 டிகிரியில் உருகும் நிறமற்ற அடிப்படை கிளேஸைக் கரைத்து, மூன்று கோப்பைகளாகப் பிரித்து, கோபால்ட் ஆக்சைடு, காப்பர் கார்பனேட், இரும்பு ஆக்சைடு மூன்றையும் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்த்தீர்கள். கோபால்ட் மையாகக் கறுத்தது. செம்பு கரும்பச்சையாகி வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. இரும்போ மண்ணின் நிறத்தோடு கலந்து பழுப்பாகிவிட்டது. நீலத்துக்கு எவ்வளவு, பச்சைக்கு எவ்வளவு என்று அளவு கேட்கிறீர்கள். கூடவே ஈய ஆக்சைடு வாங்கலாமா, அரிசி ஆலை உமிச்சாம்பலை கிளேஸில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அளவுகளைக் கீழே சொல்கிறேன். அவை உங்கள் மண்ணிலும் உங்கள் கிளேஸிலும் உங்கள் சூளையிலும் எப்படி வரும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பதினேழு வில்லைகளும், அதாவது கிளேஸ் பூசிச் சோதிக்கும் சிறு மண்துண்டுகளும், ஒரே ஒரு கிளேஸ் சுடலும் அதற்குப் போதும்.

உங்கள் வில்லைகள் கறுத்ததற்கு முதல் காரணம் அடியில் இருக்கும் மண். காவிரி வண்டலில் இரும்பு நிறைய உண்டு. சுட்டால் செங்கல் நிறம் எடுப்பது அதனால்தான். நிறமற்ற கிளேஸ் உருகும்போது மண்ணின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். அதனால் சாயம் எதுவும் சேர்க்காமலே உங்கள் மண்ணின் மீது தேன் நிறமோ பழுப்போ வந்துவிடும். அந்தப் பழுப்பின் மேல் நீலத்தைப் போட்டால் இருட்டுதான் மிஞ்சும். செம்மண் தரையில் நீலக்கோலம் போட்டது போலத்தான். எனவே முதல் வில்லையில் எந்தச் சாயமும் வேண்டாம். அடிப்படை கிளேஸை மட்டும் பூசிச் சுடுங்கள். அது வெடிப்பில்லாமல், குமிழில்லாமல், வழியாமல் வருகிறதா என்று தெரியாமல் அதில் சாயம் சேர்ப்பது, உலை கொதிக்கிறதா என்று பாராமல் அரிசியைப் போடுவதற்குச் சமம்.

மண்ணையும் தனியே சோதித்துவிடுங்கள். அப்பாவின் சூளையில் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டுவது அரிது. நீங்களோ அதே மண்ணை 1060 வரை கொண்டுபோகிறீர்கள். விரல் அகலப் பட்டை ஒன்றைச் செய்து, இரண்டு முட்டுகளின் மேல் பாலம் போல வைத்துச் சுட்டுப் பாருங்கள். நடுவில் தொய்ந்தால் இந்த வெப்பம் மண்ணுக்கு அதிகம். கொஞ்சம் மணலோ சைனா கிளே எனும் வெள்ளைக் களிமண்ணோ சேர்க்க வேண்டியிருக்கும். வண்டலில் சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) துகள்கள் இருந்தால், சுட்டுச் சில நாள் கழித்து ஈரம் குடித்துப் பொங்கிக் கிளேஸைப் பெயர்த்துத் தள்ளும். மண்ணைக் கரைத்து நுண்ணிய சல்லடையில் வடிகட்டுவதே இதற்கு நல்ல வழி.

நீலமும் பச்சையும் நிறமாகத் தெரிய வேண்டுமானால் மண்ணுக்கும் கிளேஸுக்கும் நடுவே வெள்ளைப் பூச்சு ஒன்று வேண்டும். சைனா கிளே 30, பால் கிளே (ball clay எனும் ஒட்டும் தன்மை மிகுந்த களிமண்) 30, குவார்ட்ஸ் 20, பிரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 20 என்ற அளவில் தொடங்குங்கள். பாத்திரம் முழுக்கக் காய்வதற்கு முன், நகம் வைத்தால் தடம் பதியும் பதத்தில் இதைப் பூச வேண்டும். காய்ந்தபின் பூசினால் உரிந்துவிடும். இந்தப் பொருள்கள் எல்லாம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் அன்றாடம் புழங்குபவை. டெல்டாவிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் போய் வந்துவிடலாம். ஒவ்வொரு வில்லையிலும் பாதிக்கு மட்டும் வெள்ளை பூசுங்கள். ஒரே கிளேஸ் இரண்டு தரையில் எப்படி வருகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். சில நேரங்களில் வெள்ளையின் மீது வெறும் அழகாக வரும் நிறம், செம்மண்ணின் மீது ஆழமாக வந்து நெஞ்சைத் தொட்டுவிடும். நான் அப்படிக் கண்டெடுத்த நிறங்கள் உண்டு.

வில்லை செய்வது உங்களுக்குக் கைவந்த வேலை. திகிரியில், அதாவது குயவர் சக்கரத்தில், அடி இல்லாத அகன்ற வளையம் ஒன்றைத் தூக்குங்கள். அடிப்பக்கம் சற்று உள்நோக்கி மடிந்திருக்கட்டும். கொஞ்சம் இறுகியதும் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக அறுத்தால் தாமாகவே நிற்கும் வில்லைகள் கிடைக்கும். வில்லை நின்றுதான் சுடப்பட வேண்டும். படுக்க வைத்தால் கிளேஸ் வழியுமா என்பது தெரியாமலே போகும். நாளைக்குக் குவளை நின்றுதானே சுடப்படப் போகிறது! மேல் பாதியில் தென்னை ஈர்க்கால் நாலைந்து கோடுகள் கீறிவிடுங்கள். கிளேஸ் பள்ளத்தில் தேங்குவதும் மேட்டில் மெலிவதும் அந்தக் கோடுகளில் தெரியும். அடியில் ஒரு விரற்கடை கிளேஸ் படாமல் விட்டுவிடுங்கள். கிளேஸ் பூசுமுன் வெறும் மண்ணாகச் சுடும் முதல் சுடலுக்குப் பின் எண் எழுத, இரும்பு ஆக்சைடை நீரில் குழைத்துத் தூரிகையால் எழுதுங்கள். பேனா மை சூளையில் எரிந்து போய்விடும். எண் இல்லாத வில்லையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இனி உங்கள் ஐந்து சதவீதத்துக்கு வருகிறேன். சாயப் பொருள்களின் வீரியம் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. கோபால்டுக்குக் கால் சதவீதமே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நீலம், ஒன்றில் அடர்நீலம், இரண்டைத் தாண்டினால் மை. செம்பு ஒன்றிலிருந்து மூன்று வரை பச்சை; ஐந்தை நெருங்கினால் கறுத்து, உலோகத் தோல் போலப் படியும். இரும்புக்கு இரண்டில் வைக்கோல் மஞ்சள், நாலிலிருந்து ஆறு வரை தேன், எட்டிலிருந்து பத்து வரை அடர்பழுப்பு. ஆக, மூன்றுக்கும் ஐந்து போட்டால் கோபால்ட் பல மடங்கு மிஞ்சிவிட்டது, செம்பு எல்லையில் நின்றது, இரும்பு நடுவில் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். செம்பும் கோபால்டும் நிறம் தருவதோடு நிற்காமல் கிளேஸை இன்னும் இளக்கவும் செய்யும். உங்கள் செம்பு வில்லை வழிந்து தட்டில் ஒட்டியது அதனால்தான். வெண்மைக்குச் சேர்க்கும் வெள்ளீய ஆக்சைடும் ஜிர்கோனும் எதிர்ப்பக்கம், கிளேஸை இறுக்கும்.

இந்தச் சதவீதமெல்லாம் நூற்றுக்கு மேல் சேர்க்கும் கணக்கு. உலர்ந்த அடிப்படை கிளேஸ் 100 கிராமுக்கு இரண்டு கிராம் சாயம் என்றால் இரண்டு சதவீதம். மொத்தம் 102 ஆகும். அதை மறுபடி நூறாகச் சுருக்க வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வில்லையிலும் அடிப்படையும் மாறிக்கொண்டே போகும்.

கால் கிராம், அரைக்கால் கிராம் என்று நிறுத்துக்கொண்டிருந்தால் தராசின் பிழையே பாதி நிறத்தைத் தின்றுவிடும். என் தொடக்க காலத்தில் சமையலறைத் தராசில் கோபால்டை நிறுத்து, ஒரே எண் போட்ட இரண்டு வில்லைகள் இரண்டு நீலமாக வந்ததைப் பார்த்து நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். அதற்கு நம் பழைய கணக்கு வாய்ப்பாட்டிலேயே வழி இருக்கிறது: இரண்டு, ஒன்று, அரை, கால், அரைக்கால். ஒரு முறை மட்டும் நிறுத்து, பிறகு பாதி பாதியாக்கிக்கொண்டே போவது.

கரைத்த அடிப்படை கிளேஸில் 100 மில்லி எடுத்து நிறுத்துப் பாருங்கள். 145 கிராம் இருந்தால் முக்கிப் பூசுவதற்கு ஏற்ற பதம். அந்த 145இல் தண்ணீருக்கான நூறைக் கழித்து, மிச்சம் 45ஐ 1.625ஆல் பெருக்கினால் 73. அதுவே 100 மில்லியில் இருக்கும் உலர்ந்த பொருளின் எடை, ஏறக்குறைய. கிளேஸ் பொருள்களின் அடர்த்தி சராசரியாக 2.6 என்று கொண்டு வரும் பெருக்கெண் இது. நம் வேலைக்குத் தாராளமாகப் போதும். இப்போது 200 மில்லி எடுங்கள். அதில் 146 கிராம் உலர்பொருள். இரண்டு சதவீதத்துக்கு 2.9 கிராம் கோபால்ட் கார்பனேட் சேர்த்து, 100 மெஷ் (அங்குலத்துக்கு நூறு கண்) சல்லடையில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் நீலப் புள்ளிகள் அம்மைத் தழும்பாக நிற்கும். பாதியை முதல் கோப்பையில் ஊற்றுங்கள். அது இரண்டு சதவீதம். மிச்சம் 100 மில்லியோடு வெறும் அடிப்படை 100 மில்லி சேர்த்துக் கலக்கினால் ஒன்று. அதில் பாதியை இரண்டாம் கோப்பைக்கு ஊற்றி, மறுபடி அடிப்படை சேர்த்தால் அரை. இப்படியே அரைக்கால் வரை வந்துவிடலாம். மொத்தம் 600 மில்லி அடிப்படை, ஐந்து கோப்பைகள், ஒரே ஒரு நிறுவை.

ஆக்சைடை விட்டுக் கார்பனேட் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். கார்பனேட் மெல்லிய பொடி. சீராகப் பரவும், புள்ளி குறைவு. ஆனால் அதன் எடையில் ஒரு பகுதி சூளையில் வாயுவாகப் போய்விடும். அதனால் வீரியம் குறைவு: கோபால்ட் கார்பனேட் மூன்று பங்கு, ஆக்சைடு இரண்டு பங்குக்குச் சமம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் எதை எழுதினாலும் எந்த வகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

செம்புக்கு இதே போல நாலு, இரண்டு, ஒன்று, அரை. இரும்புக்கு மட்டும் பாதியாக்கும் முறை வேண்டாம். அதன் அழகெல்லாம் மேல்படிகளில் இருக்கிறது. பாதியாக்கினால் எட்டிலிருந்து நாலுக்குத் தாவி, நடுவில் உள்ளதைத் தவறவிடுவீர்கள். பத்து சதவீதக் கோப்பை ஒன்று, வெறும் அடிப்படைக் கோப்பை ஒன்று வைத்துக்கொண்டு, ஊசி போடும் சிரிஞ்சால் 20க்கு 80, 40க்கு 60 என்று கலந்தால் இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து கிடைக்கும். ஆக நீலம் ஐந்து, பச்சை நாலு, இரும்பு ஐந்து, சூளையின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் வைக்க வெறும் அடிப்படை மூன்று: பதினேழு வில்லைகள். மாங்கனீஸை இந்தச் சுற்றில் சேர்க்கவில்லை. சுடும்போது அதிலிருந்து எழும் புகை நரம்பைத் தாக்கும். வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்த சூளைக்கு அது ஆகாது.

அடிப்படை மாறினால் அதே சாயம் வேறு நிறம் தரும் என்பதற்குச் செம்பைவிட நல்ல சாட்சி இல்லை. சோடாவும் பொட்டாஷும் மிகுந்து அலுமினா குறைந்த கிளேஸில் மயில்கழுத்து நீலம். சாதாரண போரான் பிரிட்டில் பச்சை. குரோமியமும் அப்படித்தான். பச்சை என்று நம்பிச் சேர்த்தால், கிளேஸில் துத்தநாகம் இருந்தால் பழுப்பாகும். வெள்ளீயம் இருந்தால் இளஞ்சிவப்புக்குப் போகும். எனவே பிரிட் வாங்கும்போது அதில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருப்பும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனத்துப் பச்சைப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்தில் கடல் கடந்து வந்தவை. அந்தப் பச்சையில் செம்பு இல்லை, குரோமியம் இல்லை. ஒன்றிரண்டு சதவீத இரும்புதான். ஆக்சிஜன் குறைந்த நெருப்பில், மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டதால் இரும்பு அந்த நிறம் கொண்டது. உங்கள் மின்சூளையில் காற்று தாராளமாக இருப்பதால் அதே அளவு இரும்பு வைக்கோல் மஞ்சளாகத்தான் வரும். யாராவது விறகுச் சூளைக்காரர் தந்த அளவை அப்படியே போட்டுவிட்டு, நிறம் வரவில்லையே என்று மனம் நோக வேண்டாம்.

சூளையின் மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்தில் மின்னழுத்தம் இறங்கினால் சூளை மெதுவாக ஏறும். கடைசியில் அதே 1060ஐக் காட்டினாலும் கிளேஸ் கூடுதல் நேரம் வெந்திருக்கும். வேக்காட்டை அளக்க, குறித்த வெப்பத்தில் இளகிச் சாயும் கூம்புகள் உண்டு; 05, 04, 03 ஆகிய மூன்று எண் கூம்புகளை வரிசையாக உள்ளே வையுங்கள். 05 முழுக்கச் சாய்ந்து, 04 வளைந்து நுனி தரையைத் தொட்டு, 03 நிமிர்ந்து நின்றால் சரியான வேக்காடு. சுடல் முடிந்ததும் கூம்புகளைத் தூக்கிப் போடாமல் அந்தச் சுற்றின் வில்லைகளோடு கட்டி வையுங்கள்.

கிளேஸ் கனத்துக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எல்லா வில்லையையும் மூன்று எண்ணும் நேரம் முக்கி எடுத்து, மேல் நுனியை மட்டும் இரண்டாம் முறை முக்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரில் கரையுங்கள்.

இப்போது ஈயம். இதை நிதானமாகப் படியுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள். நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பழைய பாட்டரிக்குள் இருப்பது காரீயம், நஞ்சு. கிளேஸில் வெண்மைக்காக ஐந்திலிருந்து எட்டு சதவீதம் சேர்ப்பது வெள்ளீய ஆக்சைடு. அதை வாங்கலாம், விலைதான் அதிகம். விலை கட்டாவிட்டால் ஜிர்கோன் பத்து பன்னிரண்டு சதவீதம் போடலாம். காரீய ஆக்சைடை எந்த அளவிலும் வாங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் "ஈய ஆக்சைடு" என்று மட்டும் கேட்டபோது, ஆரஞ்சுச் சிவப்பில் கனத்த பொடி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அது காரீயச் செந்தூரம். வெள்ளீய ஆக்சைடு வெள்ளையாக இருக்கும் என்று தெரிந்திருந்ததால் திருப்பிக் கொடுத்தேன். தெரியாத ஒருவர் அதைக் குழந்தையின் பால் கிண்ணத்தில் பூசியிருப்பாரே என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை. பிரிட் வாங்கும்போதும் காரீயம் கலக்காதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே காரணத்துக்காக, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளில் விழும் பித்தளை அரத்தூளைச் செம்புக்குப் பதிலாகப் போடும் யோசனையும் வேண்டாம். பித்தளையில் துத்தநாகம் உண்டு, காரீயமும் இருக்கக்கூடும். கொல்லன் உலையில் உதிரும் இரும்புச் செதில் பரவாயில்லை. இடித்துத் தூவினால் கரும்புள்ளிகள் அழகாக வரும்.

உண்ணும் பாத்திரத்துக்கு எந்த வில்லையைத் தேர்ந்தெடுத்தாலும் புளி போட்டுப் பாருங்கள். பித்தளைக் குடத்தை நம் அம்மாக்கள் புளியால் துலக்குவது, புளியின் அமிலம் செம்புக் களிம்பைக் கரைப்பதால்தான். சரியாக உருகாத கிளேஸிலிருந்தும், செம்பு மிகுந்த கிளேஸிலிருந்தும் அதே அமிலம் உலோகத்தை வெளியே இழுக்கும். கெட்டியான புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ வில்லையின் பாதி மூழ்க ஒரு நாள் முழுக்க வைத்துக் கழுவுங்கள். மூழ்கிய பாதி வெளுத்தாலோ மெருகு போய்ச் சொரசொரத்தாலோ அது பூத்தொட்டிக்கு மட்டும். மாறாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று பொருள், அவ்வளவே. விற்பதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. செம்பு கிளேஸை நான் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மட்டுமே பூசுகிறேன். உள்ளே நிறமற்ற அடிப்படை. ஊறுகாயும் மோரும் ரசமும் புழங்கும் வீடுகளுக்குச் செய்கிறோம். அந்த அக்கறை நமக்கு இருக்க வேண்டும்.

உமிச்சாம்பலைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. நன்றாக எரிந்த உமிச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. குவார்ட்ஸைக் காசு கொடுத்து வாங்கி அரைக்கும் இடத்தில், டெல்டாவின் அரிசி ஆலை வாசல்களில் அது மலையாகக் கிடக்கிறது. ஆனால் கொதிகலனிலிருந்து வரும் கறுப்புச் சாம்பலில் எரியாத கரி மிச்சம் இருக்கும். அப்படியே சேர்த்தால் கிளேஸ் உருகும் நேரத்தில் கரி எரிந்து குமிழியிடும். மூடியில்லாத மண்சட்டியில் பரப்பி, அப்பாவின் சூளையிலேயே ஒரு முறை எரித்து வெள்ளையாக்குங்கள். பிறகு ஈரமாக அரைத்து வடிகட்டுங்கள். உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடும். குவார்ட்ஸுக்கும் பிரிட்டுக்கும் சாயப் பொடிகளுக்கும் இதுவே விதி.

முதல் சுற்றில் சாம்பலைக் கலக்க வேண்டாம். பதினேழு வில்லைகளும் வந்து, வெறும் அடிப்படை எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகு, அதில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால், அப்போது உமிச்சாம்பலை மூன்று, ஆறு, ஒன்பது என்று சேர்த்து மூன்று வில்லைகள் சுடுங்கள். சிலிக்கா கூடினால் பெரும்பாலும் வெடிப்பு அடங்கும். எந்த அளவில் கோடுகள் மறைந்தன, எதில் பளபளப்பு மங்கத் தொடங்கியது என்பதை எனக்கு எழுதுங்கள். கூம்புகள் எப்படிச் சாய்ந்தன என்பதையும் சேர்த்து எழுதினால், நீலத்துக்கான அடுத்த வரிசையை இருவரும் அங்கிருந்து தொடங்கலாம்.